லேப்டாப் ரீசெட்: விண்டோஸில் உள்ளதே போதுமா, பென்டிரைவ் வேண்டுமா?

அண்ணன் மகள் கல்லூரியில் சேரப்போகிறாள், என் விண்டோஸ் 11 லேப்டாப்பை அவளுக்குக் கொடுப்பதாக முடிவாகிவிட்டது. கொடுக்கும் முன் எல்லாவற்றையும் அழித்து, வாங்கிய புதிதில் இருந்த மாதிரி ஆக்க வேண்டும். அதற்கு மூன்று வழி உண்டு: செட்டிங்ஸில் சிஸ்டம், ரெக்கவரி என்று போனால் வரும் 'ரீசெட் திஸ் பிசி', லேப்டாப் கம்பெனி டிஸ்க்கில் ஒதுக்கி வைத்திருக்கும் ரெக்கவரி பார்ட்டிஷன், பென்டிரைவிலிருந்து புதிதாக இன்ஸ்டால் செய்வது. நான் ரீசெட்டைத்தான் எடுத்தேன், அதிலும் கிளவுட் டவுன்லோடு, அதாவது விண்டோஸை இன்டர்நெட்டிலிருந்து புதிதாக இறக்கிப் போடுவது.

ரெக்கவரி பார்ட்டிஷனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. லேப்டாப் வந்தபோது இருந்த பழைய விண்டோஸும் கூடவே வந்த ட்ரயல் ஆன்டிவைரஸும் திரும்பி வந்துவிடும், அப்புறம் அப்டேட்டிலேயே பாதி நாள் போய்விடும்.

பென்டிரைவ் வழிதான் சுத்தமானது என்பார்கள், அது உண்மைதான். 8 ஜிபி பென்டிரைவ், அதில் விண்டோஸை ஏற்றித்தரும் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல், இவ்வளவுதான் தேவை. லைசென்ஸ் மதர்போர்டோடு சேர்ந்திருப்பதால் அதே எடிஷனைப் போட்டால் கீ கேட்காமலே ஆக்டிவேட் ஆகிவிடும். சிக்கல் டிரைவரில்தான், அதாவது வைஃபை, டச்பேட் போன்ற ஒவ்வொரு பாகத்தையும் விண்டோஸோடு பேசவைக்கும் சாஃப்ட்வேரில். இன்டெல் 11வது தலைமுறை பிராசஸரிலிருந்து வந்த பல லேப்டாப்களில் எஸ்எஸ்டியைக் கையாளும் விஎம்டி என்ற அமைப்பு ஆனில் இருக்கும். அதற்கான டிரைவர் கையில் இல்லையென்றால் 'எங்கே இன்ஸ்டால் செய்ய' என்று கேட்கும் திரையில் எஸ்எஸ்டியே தெரியாது, பட்டியல் காலியாக இருக்கும், டிஸ்க் போய்விட்டது என்றே பலர் பயந்துவிடுகிறார்கள். அதைத் தாண்டினாலும் வைஃபை டிரைவர் இல்லாவிட்டால் அடுத்த திரையில் இன்டர்நெட் கேட்டு நின்றுவிடும். போனைக் கேபிளில் மாட்டி அதன் இன்டர்நெட்டைக் கொடுத்துத்தான் (யூஎஸ்பி டெதரிங்) மேலே போக வேண்டியிருக்கும். அப்புறம் டச்பேட், கைரேகை, ஆடியோ என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். பழக்கம் உள்ளவர்களுக்கு இது பெரிய வேலை இல்லை, மற்றவர்களுக்கு ஒரு நாள் முழுக்கப் போய்விடும்.

ரீசெட்டில் இந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் ஏற்கனவே உள்ள டிரைவர்களை எடுத்து வைத்துக்கொண்டு புது விண்டோஸில் அதுவே சேர்த்துவிடுகிறது. ரீசெட் முடிந்து முதல் திரை வந்தபோதே வைஃபை பட்டியலில் எங்கள் வீட்டு ரூட்டர் தெரிந்தது, டச்பேடும் வேலை செய்தது. எனக்கு முடிவைத் தீர்மானித்தது இதுதான்.

ரீசெட்டில் கிளவுட் டவுன்லோடா, லோக்கல் ரீஇன்ஸ்டாலா என்று கேட்கும். லோக்கல் ரீஇன்ஸ்டால் டேட்டா செலவு இல்லாதது, ஆனால் இருக்கும் ஃபைல்களை வைத்தே கட்டுவதால் அவை கெட்டிருந்தால் நடுவிலேயே நின்றுவிடலாம். கிளவுட் டவுன்லோடு சுமார் 4 ஜிபி இழுக்கும், 2020லிருந்தே இருக்கும் வசதி. வெளியாளுக்கு விற்பதாக இருந்தால் 'ரிமூவ் எவ்ரிதிங்' கொடுத்துவிட்டு, சேஞ்ச் செட்டிங்ஸில் 'கிளீன் டேட்டா'வையும் ஆன் செய்யுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் அது மணிக்கணக்கில் ஓடும். நான் செய்ததெல்லாம் எஸ்எஸ்டியில்தான், அதனால் ஹார்ட் டிஸ்க் பற்றி அனுபவத்தில் சொல்ல முடியாது.

எதைச் செய்தாலும், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் ரெக்கவரி கீயை, அந்த 48 இலக்க எண்ணை, மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டிலிருந்து முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் ஏறாமல் ரெக்கவரி திரையிலிருந்து ரீசெட் செய்ய நேர்ந்தால் அதைக் கேட்கும். விண்டோஸே ஏறவில்லை, வைரஸ் சந்தேகம், எஸ்எஸ்டி மாற்றியாயிற்று என்றால் மட்டும் பென்டிரைவுக்குப் போங்கள். அப்போதும் வைஃபை, விஎம்டி டிரைவர்களைக் கம்பெனி தளத்திலிருந்து இறக்கி அதே பென்டிரைவில் ஒரு ஃபோல்டரில் போட்டுக்கொண்டு உட்காருங்கள்.