8.5 இன்ச் ரிம்மில் 225/45: ரெண்டாவது செட் டயரோடு ஒரு தகராறு

நண்பன் ஒருவன் புதிதாக 17 இன்ச் அலாய் வீல் எடுத்திருக்கிறான். அகலம் 8.5 இன்ச். காரை ஏற்கெனவே ஸ்பிரிங் மாற்றி இறக்கியாகிவிட்டது. "215/40 போடவா, 225/45 போடவா, ஒரே வரியில் சொல்லு" என்று கேட்டான். (முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். ரெண்டாவது, பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது.) சொல்லிவிடலாம்தான். ஆனால் அதே அகல வீலில், அதே போல் இறக்கிய காரில், நான் 225/45-ஐ ரெண்டாவது செட்டாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த ரெண்டாவது செட்டின் மேல் எனக்கு இருக்கும் எரிச்சல் ஒரு வரியில் அடங்காது.

முதலில் கணக்கு. என் காரில் கம்பெனி கொடுத்தது 6.5ஜே ரிம் (அதாவது 6.5 இன்ச் அகலம்), ஆஃப்செட் 45 (வீல் காரில் பொருந்தும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து 45 மில்லிமீட்டர் வெளிப்பக்கம்), டயர் 205/55 ஆர்16 (ஆர் என்றால் ரேடியல், 16 என்பது ரிம்மின் விட்டம், இன்ச்சில்). இப்போது இருப்பது 8.5ஜே, ஆஃப்செட் 35, 17 இன்ச். ரிம் 2 இன்ச் அகலமானதால் இருபக்கமும் தலா 25 மில்லிமீட்டர் கூடியது. ஆஃப்செட் 10 குறைந்ததால் வீல் மொத்தமாக 10 மில்லிமீட்டர் வெளியே நகர்ந்தது. ஆக வெளிப்பக்கம் 35, உள்பக்கம் 15. உள்ளே ஷாக் அப்சார்பரைத் தொடாமல் தப்பித்தது. வெளியே ஃபென்டர் (சக்கரத்தின் மேல் வளைந்திருக்கும் தகடு) விளிம்புக்கு நேராக வந்து நின்றது. ஸ்பிரிங் 35 மில்லிமீட்டர் இறக்கம். பின் சஸ்பென்ஷன் டார்ஷன் பீம் வகை, அதாவது ரெண்டு பின் சக்கரங்களையும் ஒரே குறுக்குத் தண்டு இணைக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், தகராறே இதில்தான் வரப்போகிறது.

இறக்கிய காருக்கு டயர் தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் அகலத்தைப் பற்றியே பேசுகிறார்கள். நான் உயரத்திலிருந்து தொடங்குவேன். 205/55 ஆர்16-இன் மொத்த விட்டம் 632 மில்லிமீட்டர். 225/45 ஆர்17-க்கு 634. வித்தியாசம் 2 மில்லிமீட்டர்தான் என்பதால் ஸ்பீடோமீட்டருக்குத் தெரியவே தெரியாது. 215/40 ஆர்17 போட்டால் 604. ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது, முன்பு எவ்வளவு வேகத்தில் போயிருப்பீர்களோ அதில் சுமார் 4.5 சதவீதம் குறைவாகத்தான் போவீர்கள். ஓடாத கிலோமீட்டரை எல்லாம் ஓடோமீட்டர் உங்கள் கணக்கில் எழுதிக்கொண்டிருக்கும். ஏற்கெனவே இறக்கிய காரின் அடிப்பகுதி இன்னும் 14 மில்லிமீட்டர் தரையை நோக்கி இறங்கும்.

அதைவிட எனக்கு உறுத்துவது சுமைக் குறியீடு. கம்பெனி டயரில் 91 என்று இருக்கிறது, அதாவது ஒரு டயருக்கு 615 கிலோ. 215/40 ஆர்17-க்கு எக்ஸ்எல் (கூடுதல் சுமை தாங்கும்) வகையிலேயே 87, அதாவது 545 கிலோ. ஒரு டயருக்கு 70 கிலோ குறைவு. எக்ஸ்எல் டயருக்குப் போட்டிருக்கும் சுமை 290 கிலோபாஸ்கல், அதாவது 42 பிஎஸ்ஐ அழுத்தத்தை வைத்துச் சொல்லப்படுவது. அதில் 32 பிஎஸ்ஐ அடித்துவிட்டு 545 தாங்கும் என்று நினைக்கக் கூடாது. ரிம் அகல அட்டவணையைப் பார்த்தால் 215/40-க்கு 7 முதல் 8.5 இன்ச் வரை அனுமதி உண்டு. டயர் ஏறும், பக்கச்சுவர் உள்ளே சாய்ந்து இழுத்துக்கட்டியது போல நிற்கும், படத்தில் அழகாகவும் இருக்கும். என் கருத்தில் அது நின்றுகொண்டிருக்கும் காருக்கான டயர். 215/45 போடலாமே என்று சிலர் சொல்வார்கள். அதற்கு அனுமதிக்கப்பட்ட ரிம் 8 இன்ச்சோடு முடிகிறது, 8.5-இல் ஏற்றவே கூடாது.

அப்புறம் 225/45. ரிம் 7 முதல் 8.5 வரை. உயரம் சரி, சுமை சரி, கிடைப்பதும் எளிது. முதல் செட்டைப் போட்டு ஓட்டிய காலம் முழுக்க இந்த அளவைப் பற்றி நான் பாடாத புகழ் இல்லை. அகல ரிம் பக்கச்சுவரை நிமிர்த்திப் பிடித்துக்கொள்வதால் ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் கார் யோசிக்காமல் திரும்பும். பழைய 6.5 ரிம்மில் வளைவுக்குள் நுழையும்போது முதலில் டயர் சாயும், பிறகுதான் கார் வரும். அந்த இடைவெளி காணாமல் போனது. நீண்ட வளைவில் சீராக ஒரே கோட்டில் நிற்கும் அந்த நிதானத்துக்காகவே சும்மா ஒரு சுற்று சுற்றி வந்திருக்கிறேன். சின்னப் பள்ளம் எல்லாம் முதுகுக்கு வந்து சேரும் என்பது உண்மை. இறக்கிய ஸ்பிரிங்குக்கு அதில் பாதிப் பங்கு இருப்பதால் டயரை மட்டும் குறை சொல்ல மாட்டேன்.

முதல் செட் தேய்ந்தது. அதே மாடலைத் தேடினால் அந்த அளவில் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். சரி, வேறொரு நிறுவனத்தின் டயர், ஈரச் சாலைப் பிடிப்புக்கு நல்ல பெயர் எடுத்தது. அதே 225/45 ஆர்17, அதே 91. போட்டுக்கொண்டு வந்தேன்.

தனியாக ஓட்டும்போது ஒன்றும் இல்லை. பின் சீட்டில் ரெண்டு பேர் உட்கார்ந்து ஒரு வேகத்தடையைத் தாண்டியதும் பின்னாலிருந்து "ர்ர்ரக்". பிளாஸ்டிக் லைனர் உரசும் மென்மையான சத்தம் இல்லை. தகட்டின் மடிப்பு ரப்பரைச் சுரண்டும் சத்தம். முதல் செட்டில் நிறைந்த காரோடு மேடு பள்ளமெல்லாம் போயிருக்கிறேன், ஒரு தடவைகூட இது கேட்டதில்லை. வீல் மாறவில்லை, ஸ்பிரிங் மாறவில்லை, டயரில் எழுதியிருக்கும் எண்ணும் மாறவில்லை.

டயர் போட்ட கடையில் சொன்னால் "அளவு அதேதான், உரச வாய்ப்பே இல்லை" என்றார்கள். உட்கார வைத்து ஓட்டிக் காட்டினேன். சத்தம் வந்ததும் "ஸ்பிரிங் தளர்ந்திருக்கும்" என்று பேச்சு மாறியது. தயாரிப்பாளருக்கு எழுதினால் வந்த பதில் "அளவு விதிக்கு உட்பட்டதே". கடைசியில் பார்த்தால் அந்தப் பதில் உண்மை, எரிச்சலே அதில்தான்.

ஐ.நா.வின் 30-ஆம் எண் விதிமுறைதான் கார் டயர்களுக்கானது. ரேடியல் டயரின் அகலம், வரையறுத்த அகலத்தைவிட 4 சதவீதம் வரை கூடுதலாக இருக்கலாம் என்று அது அனுமதிக்கிறது. ரிம் காப்பு வளையம் (ரிம் ஓரக்கல்லில் உரசாமல் இருக்க டயரில் புடைத்திருக்கும் ரப்பர் விளிம்பு) போன்ற பாதுகாப்புப் பட்டை இருந்தால் அதற்கு மேல் இன்னும் 8 மில்லிமீட்டர். அதாவது 225 என்று அச்சடித்த ஒரு டயர் 234 வரை போகலாம், பட்டையோடு 242 வரையும் போகலாம், எல்லாமே சட்டப்படி 225தான். அந்த 225-உம் 7.5 இன்ச் ரிம்மில் மாட்டி அளந்த கணக்கு. ரிம் அரை இன்ச் கூடினால் டயர் சுமார் 5 மில்லிமீட்டர் விரியும். 8.5-இல் ஏற்றும்போதே 235-ஐ ஒட்டி வந்துவிடும்.

ஆனால் உரசியது அந்த அகலமும் இல்லை. கேட்டவர்கள் எல்லோரும் ரிம் காப்பு வளையத்தைத்தான் கைகாட்டினார்கள். அது ரிம்மை ஒட்டிக் கீழே இருக்கிறது, ஃபென்டர் மடிப்பு அவ்வளவு தூரம் இறங்கி வரவே வராது. டயரின் வெளிப்பக்கம் முழுக்க சாக்பீஸ் பூசி, ரெண்டு பேரைப் பின்னால் ஏற்றி மெதுவாக மேட்டைத் தாண்டினேன். அழிந்திருந்தது ஷோல்டர், அதாவது தோள் மட்டும்; டிரெட் (சாலையைத் தொடும் பகுதி) முடிந்து பக்கச்சுவர் தொடங்கும் அந்த முனை. பழைய டயரையும் புதியதையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் கண்ணுக்கே தெரிகிறது. பழையதில் அந்த முனை உருண்டு இறங்குகிறது. புதியது செங்கல் மாதிரி சதுரமாக நிற்கிறது. பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் 225, டயரின் இடுப்பு எவ்வளவு அகலம் என்று மட்டும் சொல்கிறது. தோள் எங்கே நிற்கிறது என்று சொல்லும் எண் அந்த ரப்பரில் எங்கேயும் கிடையாது. இறக்கிய காரில் முதலில் இடிப்பது தோள்.

டார்ஷன் பீம் விஷயத்துக்கு வருகிறேன். மல்டிலிங்க் சஸ்பென்ஷன் (ஒவ்வொரு சக்கரத்தையும் பல தனித்தனிக் கைகள் பிடித்திருக்கும் வகை) உள்ள கார்களில் சக்கரம் மேலே ஏறும்போது அதன் மேல்முனை கொஞ்சம் உள்ளே சாயும். அதனால் ஃபென்டர் மடிப்பிலிருந்து நழுவிவிடும். டார்ஷன் பீமில் ரெண்டு சக்கரமும் சேர்ந்து ஏறும்போது அந்தச் சாய்வு கிட்டத்தட்ட மாறாது. நேராக மேலே போய் மடிப்பில் முட்டும். இன்னொன்று, இறக்கியதால்தான் உரசுகிறது என்பதும் பாதி உண்மைதான். சக்கரம் அதிகபட்சம் எவ்வளவு மேலே போகலாம் என்பதை முடிவு செய்வது பம்ப் ஸ்டாப் (சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கும்போது தடுத்து நிறுத்தும் ரப்பர்), ஸ்பிரிங் இல்லை. இறக்கிய கார் அந்த உச்சத்தை அடிக்கடி தொடுகிறது, அவ்வளவுதான். இறக்கும்போது பம்ப் ஸ்டாப்பையும் வெட்டிவிட்டிருந்தால் கதை வேறு, அங்கே உச்சமே உயர்ந்துவிடும். என்னுடையது வெட்டாதது.

ஃபென்டர் மடிப்பை உருட்டி உள்ளே மடக்கினால் தீரும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். தீரும்தான். சூடு காட்டி மெதுவாகச் செய்யாவிட்டால் பெயின்ட் வெடித்து, பிறகு துரு ஏறும். வீல் போட்டதற்காகத் தகட்டை மடக்கலாம். ஒரு நிறுவனம் டயரின் தோளைச் சதுரமாக வார்த்ததற்காக என் காரின் தகட்டை மடக்க எனக்கு மனம் வரவில்லை. பம்ப் ஸ்டாப்பில் மெல்லிய வளையம் சேர்த்துப் பார்த்தேன். உரசல் குறைந்தது. பதிலுக்கு, ஆள் ஏறினால் பின்பக்கம் கட்டையாக இடிக்கிறது. ஒரு தொல்லையைக் கொடுத்து இன்னொன்றை வாங்கிக்கொண்டேன்.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். ஈரத்தில் இந்த ரெண்டாவது செட் முதல் செட்டைவிட நன்றாக நிற்கிறது. சாலை இரைச்சல் குறைவு. முன்பக்கம் உள்விளிம்பு தேய்மானமும் இல்லை. ஆனால் அதில் டயரின் பெருமை கொஞ்சம்தான். காரை இறக்கிய பிறகு டோ அளவை (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ எவ்வளவு திரும்பியிருக்கின்றன என்பது) சரி செய்து அலைன்மென்ட் பார்த்ததே காரணம். இறக்கிய கார்களில் உள்விளிம்பு தின்றுபோவதற்குப் பெரும்பாலும் காம்பரை (முன்னாலிருந்து பார்த்தால் தெரியும் சக்கரத்தின் சாய்வு) திட்டுகிறார்கள், டோ தப்பாக இருந்தால்தான் அது வேகமாகத் தின்னும். ரிம் காப்பு வளையம் ஒரு முறை நடைபாதை ஓரக்கல்லிலிருந்து வீலைக் காப்பாற்றியது. மொத்தத்தில் நல்ல டயர். தனியாக ஓட்டும் நாளில் கேட்டால் ஐந்துக்கு நான்கரை கொடுப்பேன். நேற்று உறவினர் ரெண்டு பேரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். அதனால் இன்று ரெண்டு.

அடுத்த செட் 225/45 வாங்க மாட்டேன். உயரம், சுமை, ஸ்பீடோமீட்டர் என்று எல்லாக் கணக்கிலும் அதுதான் சரியான அளவு என்று தெரிந்தே சொல்கிறேன். 235/40 ஆர்17-க்குப் போகப் போகிறேன். அகலமான டயர் இன்னும் உரசாதா என்று கேட்பீர்கள். 235/40-இன் அகலத்தை அளப்பதே 8.5 ரிம்மில் வைத்துத்தான், அதில் அது 241-ஐ ஒட்டி வரும். என் ரிம்மில் 225/45 ஏற்கெனவே 235. ஆக நிஜ வித்தியாசம் பக்கத்துக்கு 3 மில்லிமீட்டர். ஆனால் மொத்த விட்டம் 620. 225/45-ஐவிட 14 குறைவு. சக்கரத்தின் மேல்முனை மடிப்பிலிருந்து 7 மில்லிமீட்டர் கீழே வந்துவிடும். கம்பெனி டயரோடு ஒப்பிட்டால் ஸ்பீடோமீட்டர் மாற்றம் 2 சதவீதத்துக்குள். சாதாரண வகையில் சுமைக் குறியீடு 90 தான் வருகிறது, 600 கிலோ. அது போதாது என்பதால் 94 எக்ஸ்எல் எடுத்து, அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும். இந்த முறை பணம் கொடுப்பதற்கு முன் தயாரிப்பாளரின் விவரத் தாளில் டிரெட் அகலம் எவ்வளவு என்று பார்ப்பேன். எல்லா நிறுவனமும் அதை வெளியிடுவதில்லை. வெளியிடாத நிறுவனம் என் பட்டியலில் இல்லை.

இனி நண்பனுக்கு. உன் கார் மல்டிலிங்க், பின் சக்கரம் ஏறும்போது உள்ளே சாயும். ஆகவே உனக்கு 225/45, ஷோல்டர் உருண்டையாக இருக்கும் மாடலாகப் பார்த்து எடு. நான் திட்டிய இதே டயர்கூட உன் காரில் சத்தமே இல்லாமல் ஓடலாம். வாங்கும் முன் வீலின் ஆஃப்செட் எண்ணையும், கார் சமதளத்தில் நிற்கும்போது பின் ஃபென்டர் மடிப்பின் உள்முனையிலிருந்து இப்போதைய டயரின் தோள் வரை உள்ள இடைவெளியையும் அளந்து எனக்கு அனுப்பு. ரெண்டு பேரைப் பின் சீட்டில் உட்கார வைத்து இன்னொரு தடவை அளந்து அதையும் அனுப்பு. அதுவரை அந்த 215/40-க்கு முன்பணம் கொடுத்துவிடாதே.