டிஷ் போடவோ வேண்டாமோ எண்டு கேக்கிற ஆக்களுக்கு

மாங்குளத்தில வீடு கட்டிக் குடிபூந்த மச்சான் போன கிழமை கேட்டவர், டிஷ் போடவோ இல்லாட்டி போனிலயே பாத்துக்கொண்டு கிடக்கவோ எண்டு. அவருக்கு வைபரில எழுதத் தொடங்கினது நீண்டு போச்சு, வேற ஆக்களும் உதையே கேக்கினம், அதால இஞ்ச போடுறன். எத்தினை சனல், மாசம் எவ்வளவு எண்டதெல்லாம் கடையில சொல்லுவாங்கள். எனக்குச் சொல்ல இருக்கிறது மழையைப் பற்றி மட்டும்தான்.

நான் நாடகம் பாக்கிற ஆம்பிளை, சிரிக்கிறவை சிரிச்சிட்டு வாங்கோ. விடிய பால் ஊத்திற இடத்தில கானோட வரிசையில நிக்கிற முக்கால்வாசிப் பேரும் பாக்கிறவைதான், கேட்டா மட்டும் "மனிசி பாக்கேக்க கண்ணில பட்டது" எண்டுவினம். கண்ணில பட்டதுக்கே சிறகடிக்க ஆசையில ரோகிணி மலேசியாக்காரி எண்டு சொன்ன பொய், கிரிஷ் ஆற்ற பிள்ளை, விஜயா எந்த மருமகளுக்கு என்ன சொன்னவ எல்லாம் தண்ணிபட்ட பாடு. 2023 தை மாசம் தொடங்கின நாடகம், அந்த ஒரு பொய்யை இவ்வளவு இழுக்கலாமோ எண்டு ஒவ்வொரு விடியவும் திட்டிப்போட்டு இரவு ஒன்பதுக்கு எல்லாரும் ரிவிக்கு முன்னால. எதிர்நீச்சலில குணசேகரனா நடிச்ச மாரிமுத்து 2023 புரட்டாதியில அந்த நாடகத்துக்கே டப்பிங் பேசிக்கொண்டு நிக்கேக்க செத்துப்போனார் எண்ட செய்தி வந்த அண்டைக்கு வரிசையில ஒருத்தரும் பெரிசா கதைக்கேல்லை. பிறகு வேல ராமமூர்த்தி அந்த இடத்துக்கு வந்தார், நல்ல நடிகன்தான், ஆனா பழைய குணசேகரன்ர அந்த "இந்தாம்மா ஏய்" இல்லாம எங்கட ஆக்களுக்குச் செமிக்கேல்லை.

இப்ப விசயத்துக்கு வாறன். வன்னிக்கு மழை தாறது வடகீழ்ப் பருவக்காத்து, ஒக்டோபர் நடுவில தொடங்கினா மார்கழி முடியும் மட்டும். பிக்பாஸ் 2020இல இருந்து ஒவ்வொரு வருசமும் தொடங்கிறது ஒக்டோபரில, முடியிறது தை மாசம். விளங்குதோ? இரணைமடுக் குளத்துக் கதவு திறக்கிற காலமும் பிக்பாஸ் வீட்டுக்குள்ள சண்டை உச்சத்துக்குப் போற காலமும் ஒண்டு. கமல் நடத்தேக்கையும் இதுதான், 2024இல விஜய் சேதுபதி வந்தாப்பிறகும் இதுதான். ஆரை வெளியில அனுப்பப்போகினம் எண்டு பேர் எழுதின அட்டையை எடுக்கிற நேரம் பாத்து இஞ்ச சடசடவெண்டு கொட்டும், படம் கட்டம் கட்டமா உடையும், அப்பிடியே நிண்டிடும், பிறகு நீலத் திரையில சிக்னல் இல்லை எண்டு எழுத்து. முந்தின அன்ரனாவில புள்ளி புள்ளியா எண்டாலும் குரலாவது கேக்கும், இந்த டிஜிற்றலில ஒண்டில் பளிங்கு, இல்லாட்டி ஒண்டுமே இல்லை.

திருத்த வந்த பெடியன் நல்ல வெயிலுக்க வந்து மீற்றரைப் பிடிச்சுப் பாத்திட்டு "சிக்னல் திறமண்ணை" எண்டான். வெயிலுக்க எனக்கும் திறம்தானே தம்பி, மழைக்க வந்து பாரும் எண்டன். "மழைக்க எப்பிடியண்ணை கூரையில ஏறுறது" எண்டு கேட்டான், அதுக்கு என்னட்டப் பதில் இல்லை. அவன் சொன்னது நியாயமும்தான், வாற அலை 12 கிகாஹேர்ட்ஸ் மட்டில, அலைநீளம் ரெண்டரை சென்ரிமீற்றர், கனத்த மழைத்துளி அதை உறிஞ்சியும் சிதறடிச்சும் விட்டிடும், அதுக்கு ஆரும் ஒண்டும் செய்யேலாது. எண்டாலும் எல்என்பியில, அதுதான் தட்டுக்கு முன்னால சிக்னலைப் பிடிக்கிற சாமான், அதில குளவி கட்டின மண்கூட்டைத் தட்டி, களிம்பு பிடிச்ச கேபிள் மூட்டை மாத்தி விட்டான், அதில கொஞ்சம் வித்தியாசம் தெரிஞ்சது. பிறகு 60 சென்ரிமீற்றர் தட்டைக் கழட்டிப்போட்டு ஒரு பழைய 90 தட்டு வாங்கிப் பூட்டினம். விட்டம் ஒண்டரை மடங்கெண்டா பரப்பு ரெண்டேகால் மடங்கு, மகன் கணக்குப் போட்டுக் காட்டினவன். தூறலுக்கு இப்ப அசையாது, அடிச்சு ஊத்தினா பழைய குருடி கதவைத் திறடிதான்.

ஜெனரேற்றர் வாடகைக்கு எடுத்து ஊரே ஒரு முத்தத்தில இருந்து விடிய விடியப் படம் பாத்த சனம் நாங்கள், உதெல்லாம் ஒரு குறையோடா எண்டு அம்மா கேக்கிறா. குறைதான் அம்மா, மாசம் மாசம் காசு கட்டுறம்.

ஆனா ஒண்டு சொல்லத்தான் வேணும். 2023 மார்கழி 17, சின்னப் பிள்ளையளின்ர பாட்டுப் போட்டி சரிகமப லில் சாம்ப்ஸ் கடைசி நாள். அரியாலைப் பிள்ளை கில்மிஷா இறுதிச்சுற்றில, அதே சீசனில மலையகத்தில இருந்து போன அசானியையும் நாங்கள் விடாமப் பாத்த வருசம். அண்டைக்கும் மழை. எங்கட விறாந்தை முழுக்கச் சனம், பக்கத்து வீட்டு ஆச்சி கதிரையோடயே வந்திட்டா, அப்ப பாத்து படம் செத்துப்போச்சு. கனடாச் சித்தி வைபரில எடுத்து "இப்ப கூப்பிடுறாங்கள், பொறு, பொறு, விளம்பரம் போட்டிட்டாங்கள் நாசமாப்போவார்" எண்டு ஒண்டும் விடாமச் சொல்ல நாங்கள் போனை லவுட்ஸ்பீக்கரில போட்டிட்டு இருட்டுத் திரையைப் பாத்துக்கொண்டு இருந்தம். கில்மிஷா எண்டு சித்தி கத்தின கத்தில ஆச்சி எழும்பி நிண்டிட்டா. படம் வந்திருந்தாக்கூட அப்பிடி இருந்திருக்குமோ தெரியாது.

இழுவை ஏலாது எண்ட ஆக்கள் அயலி பாருங்கோ, டிஷ்ஷில இல்லை, ஸீ5 செயலியில. எட்டே பகுதி. 1990இல புதுக்கோட்டைப் பக்கம் ஒரு ஊர், பெரிய பிள்ளையான உடன பள்ளிக்கூடத்தை நிப்பாட்டிக் கட்டிக்குடுக்கிற வழக்கம், டொக்டராக ஆசைப்பட்ட ஒரு பிள்ளை தான் பெரிசானதையே ஒளிக்கிறாள், தாயும் சேந்து ஒளிக்கிறா. பால் வரிசையில ஒரு ஐயா உதெல்லாம் தாய் செய்யிற வேலையோ எண்டு துள்ளினவர், அடுத்த கிழமை முழுக்கப் பாத்திட்டு வந்து தாய்க்குத்தான் கட்சி.

சரி, முடிவென்ன எண்டு மச்சான் கேப்பார். படம் எச்டியில கண்ணாடி, போன் டேற்றா முடியிற பயம் இல்லை, கரண்ட் போனா ரவரும் சேந்து படுக்கிற இடத்தில போனை நம்பேலாது, எல்லாம் டிஷ்ஷுக்குச் சாதகம்தான். எண்டாலும் போடாதேங்கோ. நேற்றிரவும் சனிக்கிழமை, நேற்றிரவும் மழை, ஆர் வெளியில போனது எண்டு இண்டைக்குப் பால் வரிசையில வாயைப் பாத்துத்தான் எனக்குத் தெரியும், அதுவும் ரெண்டு பேர் ரெண்டு மாதிரிச் சொல்லினம்.

கேக்காமப் போடுறதெண்டா பெரிய தட்டா எடுங்கோ, வேம்புக்குத் தள்ளி தட்டு பாக்கிற பக்கம் வானம் வெளியாத் தெரியிற இடமாப் பாருங்கோ, எங்கட பக்கம் தட்டு நல்லா அண்ணாந்துதான் பாக்கும், கொப்பு மேல வந்தாலும் மறைக்கும். தை பிறந்தாப்பிறகு பூட்டுங்கோ, புரட்டாதி மட்டும் என்னைத் திட்ட மாட்டியள்.