பயோசேஃப்டி பயிற்சிகள்: எது காசுக்குத் தகும்?

பயோசேஃப்டி, அதாவது கிருமிகளைக் கையாளும் ஆய்வகத்தில் தொற்றாமலும் வெளியே பரவாமலும் வேலை செய்யும் முறை. அதற்கான பயிற்சி என்ற பெயரில் இன்று மூன்று விதமான சரக்கு கிடைக்கிறது. உதவித்தொகை கொடுத்து இரண்டு ஆண்டு ஆய்வகத்திலேயே வைத்துப் பழக்கும் ஃபெலோஷிப் ஒன்று. கட்டணம் வாங்கிக்கொண்டு நான்கைந்து நாள் கருவிகளோடு நடத்துவது இன்னொன்று. மூன்றாவது, காலையில் ஜூம் வகுப்பு, மாலையில் மெயிலில் சான்றிதழ். தொண்டியிலோ கீழக்கரையிலோ மைக்ரோபயாலஜி, டிஎம்எல்டி (ஆய்வக டெக்னீஷியன் டிப்ளமோ) முடித்துவிட்டு வீட்டில் கேட்டுப் பணம் கட்டப் போகிறவர்கள் மூன்றாவதைத் தயங்காமல் ஒதுக்கிவிடலாம். அதில் சொல்லித்தருவது பெரும்பாலும் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வகப் பாதுகாப்புக் கையேட்டில் இருப்பதுதான். 2020-ல் வந்த நான்காம் பதிப்பை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம்.

அந்தப் பதிப்பை வைத்தே ஒரு பயிற்சியை எடை போடலாம். கிருமியின் பட்டியலைப் பார்த்து நான்கு அடுக்கில் ஒன்றில் போடும் பழைய முறையை அது தளர்த்திவிட்டது. என்ன வேலை, எவ்வளவு தெறிக்கும், செய்பவருக்கு எவ்வளவு பழக்கம் என்று அபாயத்தை மதிப்பிட்டுக் கட்டுப்பாட்டை முடிவு செய்யச் சொல்கிறது. பாடத்திட்டத்தில் பிஎஸ்எல் (பயோசேஃப்டி லெவல்) எனும் அந்த அடுக்குகளின் 1 முதல் 4 வரை அட்டவணை மட்டும் இருந்து, அபாய மதிப்பீட்டுக்கு ஒரு மணி நேரம்கூட இல்லையென்றால் அது பழைய சரக்கு.

ஃபெலோஷிப் என்றதும் எல்லோர் கண்ணிலும் படுவது காற்று ஊதிய முழு உடுப்பு. அது பிஎஸ்எல்-4 வேலை. நம் நாட்டில் புனே தேசிய வைராலஜி நிறுவனம் போல விரல்விட்டு எண்ணும் இடங்களில்தான் உண்டு. இந்தத் தொழிலில் அன்றாடப் பாடு அறைக் காற்றோடுதான். வழக்கமான பிஎஸ்எல்-3 வடிவமைப்பில் வராந்தாவைவிட முன்னறையில் சுமார் 12.5 பாஸ்கல் அழுத்தம் குறைவு, முன்னறையைவிட ஆய்வறையில் இன்னொரு 12.5 குறைவு. காற்று எப்போதும் உள்நோக்கியே போகும். வெளியேற்றும் விசிறி நின்று, உள்ளே தள்ளும் விசிறி மட்டும் ஓடினால் எல்லாம் தலைகீழாகி, அறைக்காற்று வராந்தாவுக்கு வந்துவிடும். அதனால் முன்னது நின்றதும் பின்னதும் தானே நிற்கும்படி இணைத்திருக்க வேண்டும். நல்ல பயிற்சியில் விசிறியை நிறுத்திக் காட்டி, கதவிடுக்கில் புகைக்குச்சியைப் பிடித்து, புகை எந்தப் பக்கம் போகிறது என்று பயிற்சி பெறுபவரையே பார்த்துச் சொல்லவைப்பார்கள். சுவரில் உள்ள மீட்டரைக் காட்டி “இதுதான் நெகட்டிவ் பிரஷர்” என்று சொல்லி நகர்ந்தால், கட்டிய பணத்தில் பாதி அங்கேயே போயிற்று.

அடுத்தது ஆட்டோகிளேவ், நீராவி அழுத்தத்தில் கிருமியைக் கொல்லும் பாத்திரம். உயிரிமருத்துவக் கழிவு விதிகள் 2016-ன்படி ஆய்வகக் கழிவைப் பொதுச் சுத்திகரிப்பு மையத்துக்குக் கொடுக்கும் முன் அந்த இடத்திலேயே முன்சுத்தம் செய்தாக வேண்டும். ஆகவே பிஎஸ்எல்-3 பக்கமே போகாதவருக்கும் இது வேண்டும். 121 டிகிரி, 15 பிஎஸ்ஐ என்று முள் காட்டுவது பாத்திரத்தின் சூட்டை. பையின் நடுவில் என்ன சூடு என்று அது சொல்லாது. பையை இறுக்கிக் கட்டினாலோ, கழுத்துவரை அடைத்தாலோ உள்ளே காற்று தங்கி, நீராவி நடுவுக்குப் போகாது. சரிபார்க்க, ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் என்ற சூடு தாங்கும் பாக்டீரியாவின் வித்துக் குப்பியைப் பையின் நடுவில் புதைத்து ஓட்டி, பிறகு 55 முதல் 60 டிகிரியில் வளர்த்துப் பார்க்க வேண்டும். ஆட்டோகிளேவில் வைக்காத குப்பி ஒன்றையும் கூடவே வளர்க்க வேண்டும். அதிலும் வளர்ச்சி இல்லையென்றால் சோதனையே செல்லாது. பிளீச் ஊற்றிய கழிவை இதில் வைக்கவே கூடாது, குளோரின் வாயு வரும்.

பெருநகர ஆய்வகங்களில் நடக்கும் பயிற்சிகள் தொடாத ஒன்று நம் கரைத் தண்ணீர். ராமநாதபுரம் போர் தண்ணீரை ஆட்டோகிளேவில் ஊற்றினால் ஹீட்டர் சுருளில் உப்பு படியும். அதிலுள்ள குளோரைடு எவர்சில்வர் சுவரில் ஊசிக்குத்தாகப் பொத்தல் போடும், சேஃப்டி வால்வும் உறைந்துபோகும். வாலை வடிநீரோ ஆர்ஓ நீரோதான் சரி. பயிற்சியாளரிடம் வால்வு சோதனை பற்றிக் கேளுங்கள். பதிலில் ஆள் தெரிந்துவிடும்.

பல கல்லூரிகளில் லேமினார் ஃப்ளோ மேசையைக் காட்டி “பயோசேஃப்டி கேபினட்” (கிருமி வேலை செய்பவரைக் காக்கும் பெட்டி) என்கிறார்கள். முன்னது வடிகட்டிய காற்றை உட்கார்ந்திருப்பவர் பக்கமே தள்ளும். செடித் திசு வளர்ப்புக்குச் சரி, காசநோய்ச் சளிக்கு விபரீதம். கிளாஸ் 2 ஏ2 வகைப் பயோசேஃப்டி கேபினட் முன்வாயில் நொடிக்குச் சுமார் 0.5 மீட்டர் வேகத்தில் காற்றை உள்ளிழுத்து, ஏறத்தாழ 70 சதவீதத்தை ஹெப்பா எனும் நுண்வடிகட்டி வழியாகத் திரும்பச் சுற்றவிட்டு மீதியை வெளியேற்றுகிறது. முன்கம்பி வலை மேல் நோட்டு வைத்தாலோ, முழங்கை ஊன்றினாலோ, எதிரே ஃபேன் போட்டாலோ அந்தக் காற்றுத்திரை உடையும். வருடம் ஒருமுறையும், இடம் மாற்றும் ஒவ்வொரு முறையும் சோதித்துச் சான்று வாங்க வேண்டும். கரண்ட் போனால் திரை அந்த நொடியே போய்விடும். குப்பிகளை மூடிவிட்டு வேலையை நிறுத்துவதுதான் முறை. இதை ஒத்திகை பார்க்காத பயிற்சி நம்மூருக்கு உதவாது.

ரத்தம், சளி போன்ற மாதிரிகளை வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பும் பாடத்துக்கு ஒரு நாள் போதும். மூன்றடுக்குப் பொதி, உள்ளே நோய் மாதிரி என்று காட்டும் யுஎன் 3373 முத்திரை, உலர் பனிக்கட்டி வைத்தால் வாயு வெளியேற வழி (இல்லாவிட்டால் பெட்டி வெடிக்கும்). விமானத்தில் அனுப்புவதற்கான ஐயாட்டா (சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம்) பயிற்சி 24 மாதம்தான் செல்லும், எனவே வேலை கிடைக்கும் நேரத்தில் எடுப்பதே லாபம்.

இனி ஃபெலோஷிப். பெயர்பெற்றிருந்தது அமெரிக்காவின் நேஷனல் பயோசேஃப்டி அண்ட் பயோகன்டெய்ன்மென்ட் டிரெய்னிங் புரோகிராம். பெதெஸ்டாவில் உள்ள என்ஐஎச் (அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம்) வளாகத்தில் இரண்டு ஆண்டு; 2025-ல் நிறுத்தப்பட்டது. பொறியியல், தொழில்சார் மருத்துவம், அவசரகால ஒத்திகை எல்லாவற்றிலும் ஃபெலோவைச் சுற்றவிட்ட அமைப்பு அது. தரத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் இப்படி அரசு வளாகங்களில் நடக்கும் திட்டங்களில் குடியுரிமை நிபந்தனை இருப்பது வழக்கம். எதற்கும் விண்ணப்பக் கட்டுரை எழுத உட்காரும் முன் அந்த வரியைப் படியுங்கள். இங்கே இருப்பவர்களுக்கு நடைமுறை வழி, சென்னை தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், போபால் விலங்கு நோய் நிறுவனம் போன்ற இடங்களில் திட்டப் பணியாளராகச் சேர்ந்து, சம்பளத்தோடு கற்பது. ஐஎஃப்பிஏ (சர்வதேச பயோசேஃப்டி சங்கங்களின் கூட்டமைப்பு) நடத்தும் தேர்வு இருக்கிறதே என்றால், இருக்கிறது. தெரிந்ததை அது சோதிக்கும், கையைப் பழக்காது. அனுபவத்துக்குப் பிறகு எழுதினால் மதிப்பு.

ஊரை விட்டுப் போக முடியாதவர்கள் இறால் நோய் ஆய்வகங்களைக் குறைத்து நினைக்க வேண்டாம். வெண்புள்ளி வைரஸ் மனிதரைத் தொற்றாது, ஆனால் கழிவுநீரைக் குளோரின் போட்டுக் கொல்லாமல் வாய்க்காலில் விட்டால் பக்கத்துப் பண்ணை காலி. கட்டுப்பாட்டின் கணக்கு அங்கேயும் அதேதான். இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களைத் தடுத்து வைத்துச் சோதித்த முகாம் இங்கே மண்டபம் ஊரில் இருந்தது; இந்தக் கரைக்கு இந்தத் தொழில் ஒன்றும் புதிதில்லை.

எதில் சேர்வதானாலும் ஹெபடைடிஸ்-பி ஊசிக் கணக்கை மறக்க வேண்டாம். 0, 1, 6 மாதம் என மூன்று டோஸ், கடைசி டோஸுக்கு ஒன்று இரண்டு மாதம் கழித்து எதிர்ப்புச் சக்தி அளவு (ஆன்டி-எச்பிஎஸ்) 10 mIU/mL-க்குக் குறையாமல் இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை. அழைப்பு வந்தபின் தொடங்கினால் முதல் பேட்ச் போய்விடும்.