கொடைக்கானல் ஏரியில் டைவிங் என்று யாராவது முன்பணம் கேட்டால் கொஞ்சம் நில்லுங்கள்

கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறை பக்கம் இருப்பவர்களுக்குத்தான் முக்கியமாக இந்தப் பதிவு. அப்படி டைவிங் கூட்டிப்போகிறேன் என்று பணம் வாங்குகிற ஆள் இங்கேதான் ஆள் பிடிக்கிறார். பெயர் போடவில்லை, புகார் கொடுத்திருக்கிறோம்.

நாங்கள் நாலு பேர். போன வருஷம் புதுச்சேரியில் ஓப்பன் வாட்டர் கோர்ஸ் (ஸ்கூபா டைவிங்கில் முதல் படிப் பயிற்சி) முடித்தோம். கார்டு கைக்கு வந்ததிலிருந்து அரசலாற்றுப் பாலத்தைத் தாண்டும்போதுகூட ஆழம் எவ்வளவு இருக்கும் என்று எட்டிப் பார்க்கிற அளவுக்குப் பைத்தியம் (கோடையில் அதில் மணல்தான் கிடக்கும், அது வேறு கதை). அந்த நேரம் பார்த்து இவர் வந்தார். கொடைக்கானல் மலை மேல் பேரிஜம் ஏரி, படகே வேண்டாம், கரையிலிருந்தே இறங்கலாம், இரண்டு நாளில் நாலு டைவ், டென்ட், கேம்ப் ஃபயர், தலைக்கு 14,500 ரூபாய், பாதி முன்பணம். பொங்கல் முடிந்த வார இறுதி. 29,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பிவிட்டோம்.

வெள்ளி இரவு வேன் கிளம்பியது. திருச்சி, திண்டுக்கல், வத்தலக்குண்டு, அப்புறம் மலைப்பாதை. மேலே போனதும் இ-பாஸ் கேட்டார்கள். 2024 மே மாதத்திலிருந்தே கொடைக்கானலுக்கு இ-பாஸ் உண்டு என்பது எங்கள் ஊர் டீக்கடையில் இருப்பவருக்குக்கூடத் தெரியும், இவர் எடுக்கவில்லை. நாற்பது நிமிஷம் ரோட்டோரம் நின்று போனில் பதிவு செய்தோம்.

மணி ஆறரை. ஏழரைக்கு முதல் டைவ் என்றார். எங்களில் ஒருவன் மன்னார்குடிக்காரன், எதையும் படித்துப் பார்க்காமல் செய்ய மாட்டான். "தம்பி, ஏறி வந்து ஒரு மணி நேரம்கூட ஆகலையே, எப்படி இறங்குறது?" என்று கேட்டான். "அண்ணே, ஏரிதானே, கடல் இல்லையே, ஒண்ணும் ஆகாது" என்று பதில்.

ஒண்ணும் ஆகாதா? டெல்டாக்காரன் கடல் மட்டத்தை ஒட்டி வாழ்கிறவன். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம், அங்கே காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் முக்கால் பங்கை ஒட்டித்தான் இருக்கும். கீழே சமநிலையில் இருந்த நைட்ரஜன், மேலே போனதும் உடம்பில் மிச்சமாகிவிடுகிறது, அது வெளியேறாமல் டைவ் அடித்தால் உடம்புக்குள் குமிழியாகி ஆபத்து. அதாவது மலை ஏறி வந்ததே ஏற்கெனவே ஒரு டைவ் முடித்த மாதிரி. அதனால்தான் உயரத்துக்கு வந்தபின் குறைந்தது ஆறு மணி நேரம் விடச் சொல்கிறார்கள், சில டைவ் அட்டவணைகளில் (எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்கிற கணக்கு) 12 மணி நேரம். 300 மீட்டரைத் தாண்டினாலே உயர டைவிங் கணக்கு தனி. கடலில் போட்ட அட்டவணையை அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியாது, அங்கே 18 மீட்டர் இறங்கினால் கடலில் சுமார் 23 மீட்டர் இறங்கியதாக வைத்துக் கணக்குப் போட வேண்டும். எங்கள் கார்டே 18 மீட்டருக்குத்தான். இதில் எதையுமே அவர் பேசவில்லை, பேசத் தெரியவும் இல்லை. எனக்குப் பணம் போனதைவிட இதுதான் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது.

பேரிஜம் போக வனத்துறை அனுமதி வேண்டும். அனுமதியோடு போனாலும் பார்த்துவிட்டுத் திரும்பலாம், அவ்வளவுதான். அது பெரியகுளத்துக்குக் குடிதண்ணீர் போகிற ஏரி. சிலிண்டரோடு வந்து நின்றவர்களைப் பார்த்துச் சோதனைச் சாவடியில் இருந்தவர் திட்டக்கூட இல்லை, சிரித்தார். எனக்கு அது இன்னும் அவமானமாக இருந்தது.

சரி, வேறு ஏரி இருக்கிறது என்று ஒரு எஸ்டேட்டுக்குள் கூட்டிப்போனார். ஏரி இல்லை, குட்டை. மகாமகக் குளம் இதைவிடப் பெரிது. டைவ் கம்ப்யூட்டரை (ஆழம், நேரம், வெப்பநிலை காட்டுகிற கைக்கடிகாரம் மாதிரியான கருவி) தண்ணீரில் முக்கிப் பார்த்தேன், 14 டிகிரி. அந்தக் குளிருக்குக் கொடுத்தது 3 மில்லிமீட்டர் ஷார்ட்டி, முழங்கால் தெரிகிற சூட், புதுச்சேரிக் கடலில் போடுவது. அந்தத் தண்ணீருக்கு 7 மில்லிமீட்டரில் முழு சூட்டும், தலைக்கு ஹூடும், கையுறையும் வேண்டும். ஆடியில் காவிரித் தண்ணீர் சில்லென்று இருக்கிறது என்று சொல்கிற நாம் அதில் பத்து நிமிஷம் தாங்க மாட்டோம்.

சிலிண்டர் அழுத்தத்தைத் தாங்குமா என்று பார்க்கிற ஹைட்ரோ டெஸ்ட்டுக்கு, அதன் கழுத்தில் இருந்த கடைசி முத்திரை 2016. கேஜை மாட்டினால் காற்றழுத்தம் 120 பார்தான், 200 என்று சொல்லியிருந்தார். வால்வைத் திறந்து முகர்ந்தால் எண்ணெய் வாடை. நல்ல காற்றுக்கு வாடையே இருக்கக் கூடாது. ஏதாவது ஆகிவிட்டால் முதலுதவிக்கு ஆக்சிஜன் கிட் எங்கே என்று கேட்டதற்கு, "கொடைக்கானல்ல ஆஸ்பத்திரி இருக்குண்ணே."

மன்னார்குடிக்காரன் சூட்டைக் கழற்றி வேன் மேல் எறிந்தான். நாங்களும் இறங்கவில்லை. அதற்கு முன்னால் குட்டைக் கரையில் ஒரே ஒரு போட்டோ மட்டும் எடுத்திருந்தோம்.

பணம் கேட்டால், "நீங்களாத்தானே இறங்கலை" என்கிறார். ரசீதை அப்போதுதான் ஒழுங்காகப் படித்தோம். "மலை முகாம் கட்டணம்" என்று போட்டிருக்கிறது, டைவிங் என்கிற வார்த்தையே இல்லை. நல்ல வேளை, வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய நிகழ்ச்சி நிரல் அப்படியே இருந்தது. 1915 நுகர்வோர் எண்ணில் பதிந்திருக்கிறோம், அடுத்து தஞ்சாவூர் நுகர்வோர் ஆணையம். உங்களிடமும் பேசியிருந்தால், எந்த ஏரி, யார் அனுமதி, சிலிண்டர் டெஸ்ட் தேதி என்ன, ஏறி எத்தனை மணி நேரம் கழித்து முதல் டைவ் என்று எழுத்தில் கேளுங்கள், ரசீதில் டைவிங் என்று எழுதச் சொல்லுங்கள்.

நேற்று அவர் ஸ்டேட்டஸ் பார்த்தேன். பங்குனியில் அடுத்த பேட்ச்சாம். போட்டிருப்பது எங்கள் போட்டோ, ஷார்ட்டி சூட்டில் கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு நிற்பது நான்தான். டைவிங் தெரிந்தவர்கள் யாராவது பார்த்தால் புரிந்துகொள்வார்கள். தண்ணீருக்குள் அந்தச் சைகைக்கு "போதும், மேலே போயிடலாம்" என்று அர்த்தம்.