அனுபவசாலியா, புதியவரா? நான்கு பிரிட்டிஷ் பிரதமர்கள், ஓர் ஒப்பீடு

பிரிட்டனில் ஒரு கட்சி தலைவரைத் தேடும்போது முதலில் எழும் கேள்வி, ‘இவர் எந்தத் துறையை நடத்தியிருக்கிறார்?’ என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் பதவிப் பட்டியல் எவ்வளவு நீளம் என்று மட்டும் பார்த்தால் கணக்கு தப்பிவிடும். சோதித்துப் பார்க்க நான்கு பேர் போதும்: தொழிற்கட்சியின் ஜேம்ஸ் காலகன், டோனி பிளேர், கார்டன் பிரவுன், கன்சர்வேட்டிவ் கட்சியின் டேவிட் கேமரன்.

காலகனும் பிரவுனும் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். காலகன் 1964-67இல் நிதி, 1967-70இல் உள்துறை, 1974-76இல் வெளியுறவு என்று மூன்று பெரிய துறைகளையும் பார்த்துவிட்டு 1976 ஏப்ரலில் பிரதமரானார். இந்த நான்கு பதவிகளையும் வகித்தவர் பிரிட்டிஷ் வரலாற்றில் அவர் ஒருவர்தான். பிரவுன் பத்தாண்டுக்கு மேல் நிதியமைச்சர். எதிர்ப்பக்கம் பிளேர், கேமரன் இருவரும் இளநிலை அமைச்சராகக்கூட இருந்ததில்லை. 1924இல் ராம்சே மெக்டொனால்டுக்குப் பிறகு அப்படிப் பிரதமரான முதல் ஆள் பிளேர்.

ஒப்பிடுவதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அனுபவசாலிகள் பெரும்பாலும் ஆட்சியின் நடுவில், கட்சிக்குள் நடக்கும் தேர்வில் பிரதமராகிறார்கள். வாக்காளர் சலித்துப்போன அரசு, கரைந்த பெரும்பான்மை எல்லாம் சேர்ந்தே கைக்கு வரும். காலகனுக்குக் கிடைத்தது 1974 அக்டோபரில் வென்ற 3 இடப் பெரும்பான்மை. அதுவும் விரைவில் கரைந்தது. புதியவர்கள் எதிர்க்கட்சி வரிசையிலிருந்து பொதுத் தேர்தல் வழியே வருகிறார்கள். பிளேர் 1997இல் நுழைந்தபோது பெரும்பான்மை 179. ‘காலகன் தோற்றார், பிளேர் மூன்று முறை வென்றார், ஆகவே அனுபவம் வீண்’ என்று சொல்பவர்கள் இந்த வேறுபாட்டை விட்டுவிடுகிறார்கள்.

நெருக்கடியில்

அனுபவத்தின் மதிப்பு பளிச்சென்று தெரிவது 1976 இலையுதிர்காலத்தில். பவுண்டு சரிந்துகொண்டிருந்தது. செப்டம்பர் 28 அன்று வெளிநாட்டுக் கூட்டத்துக்குக் கிளம்பிய நிதியமைச்சர் டெனிஸ் ஹீலி, ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்தே திரும்பினார். சர்வதேச நாணய நிதியத்திடம் பிரிட்டன் 390 கோடி டாலர் கேட்டது. நிதியம் அதற்கு ஈடாகச் செலவுக் குறைப்பு கேட்டது. அமைச்சரவை மூன்றாகப் பிரிந்தது. ஹீலி வெட்டலாம் என்றார். வெளியுறவு அமைச்சர் ஆண்டனி கிராஸ்லேண்ட் வெட்டத் தேவையில்லை என்றார். எரிசக்தி அமைச்சர் டோனி பென் இறக்குமதிக் கட்டுப்பாடு கோரினார்.

காலகன் தன் முடிவை முதலில் சொல்லவில்லை. ஒவ்வொரு தரப்பையும் அறிக்கை எழுதி வரச் சொன்னார். மற்றவர்கள் குறுக்குக் கேள்வி கேட்க இடம் கொடுத்தார். மாற்றுத் திட்டங்கள் அமைச்சரவை மேசையில், எல்லோர் கண்முன்னும் தளர்ந்தன. அதன் பிறகுதான், டிசம்பர் தொடக்கத்தில், ஹீலி பக்கம் நின்றார். கிராஸ்லேண்டும் பிரதமருக்காக இறங்கிவந்தார். 1977-78க்கு 100 கோடி, அடுத்த ஆண்டுக்கு 150 கோடி பவுண்டு வெட்டு. ஓர் அமைச்சர்கூட விலகவில்லை. இந்தப் பொறுமையின் வேர் 1967இல் இருக்கிறது என்றே கருதுகிறேன். அன்று நிதியமைச்சராக இருந்த காலகன், மூன்றாண்டு பிடிவாதமாகக் காத்த பவுண்டு மதிப்பை 2.80 டாலரிலிருந்து 2.40க்கு இறக்கிவிட்டு அந்தத் துறையிலிருந்து வெளியேறினார். அடிபட்ட அனுபவம் அது.

பிரவுனின் 2008 அக்டோபரும் இந்த வகைதான். ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து சில மணி நேரத்தில் பணமின்றி நிற்கும் என்ற நிலை. கெட்டுப்போன கடன்களை அரசு வாங்குவதைவிட வங்கிகளுக்குள் நேரடியாக மூலதனம் போடுவதே வழி என்று அவரும் நிதியமைச்சர் அலிஸ்டர் டார்லிங்கும் முடிவெடுத்தார்கள். அக்டோபர் 13 அன்று மூன்று வங்கிகளுக்கு 3,700 கோடி பவுண்டு அறிவிக்கப்பட்டது. மறுநாள் அமெரிக்காவும் அதே பாதைக்கு வந்தது. ஆனால் வங்கிகளைத் தளர்வாகக் கண்காணித்த ஏற்பாட்டை 1997இல் அமைத்தவரும் பிரவுன்தான். நெடுநாள் ஒரே துறையில் இருந்தவருக்கு இந்தப் பாரம் கூடவே வரும்.

இயந்திரத்தைக் கையாள்வதில்

18 ஆண்டு எதிர்க்கட்சியாக இருந்த தொழிற்கட்சியில், 1997இல் அமைச்சுப் பதவியைப் பார்த்திருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். தேர்தலுக்கு முன் எதிர்க்கட்சியினர் துறைச் செயலாளர்களைச் சந்தித்துப் பேச 1964 முதல் ஒரு மரபு உண்டு. அது திட்டங்களை விளக்க உதவும். அமைச்சரவையை நடத்தச் சொல்லித்தராது. பிளேர், கட்சி அலுவலகத்தை நடத்திய பாணியிலேயே டவுனிங் தெருவிலுள்ள பிரதமர் அலுவலகத்தையும் நடத்தினார். அரசு ஊழியர்களுக்கு ஆணையிடும் அதிகாரத்தைத் தன் அரசியல் உதவியாளர்கள் இருவருக்குத் தனி உத்தரவால் கொடுத்தார். இங்கிலாந்து வங்கிக்கு வட்டி விகித அதிகாரம் தரும் முடிவு 1997 மே 6 அன்று அறிவிக்கப்பட்டது. முழு அமைச்சரவை அதை விவாதித்திருக்கவில்லை. முடிவு நல்லது, நிலைத்தும் விட்டது. ஆனால் அதே வழக்கம் இராக் போர் வரை தொடர்ந்தது. எழுதப்பட்ட ஆவணமின்றி, சிறு குழுவில் பேசி முடிவெடுத்த முறையை 2004இல் பட்லர் பிரபுவின் விசாரணை அறிக்கை குறை கூறியது. ‘சோஃபா ஆட்சி’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 2007இல் பதவிக்கு வந்ததுமே உதவியாளர்களுக்கான அந்த உத்தரவைப் பிரவுன் ரத்து செய்தார்.

இந்த ஒன்றில் கேமரன் பிளேரைவிடத் தேவலை. இளவயதில் நிதியமைச்சர் நார்மன் லாமண்டின் ஆலோசகராக இருந்து, 1992 செப்டம்பர் 16 அன்று ஐரோப்பிய நாணயங்களின் மதிப்பை ஒன்றுக்கொன்று கட்டிவைத்த மாற்று விகித ஏற்பாட்டிலிருந்து பவுண்டு வெளியேறியதை அருகிலிருந்து கண்டவர். கென்னத் கிளார்க், வில்லியம் ஹேக் போன்ற முன்னாள் அமைச்சர்களை 2010இல் அமைச்சரவையில் வைத்துக்கொண்டார். கூட்டணி ஆட்சி என்பதால் பேசித் தீர்க்க வேண்டிய கட்டாயமும் இருந்தது. அவர் சறுக்கியது, துறைகளிலிருந்து மேலே வரும் திட்டங்களை உரிய நேரத்தில் கேள்வி கேட்காததில். மருத்துவச் சேவைச் சீர்திருத்த மசோதாவை 2011இல் பாதி வழியில் நிறுத்திவைக்க நேர்ந்தது அதனால்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிப்பதா என்ற 2016 பொதுவாக்கெடுப்பு அதைவிடப் பெரிய சறுக்கல். வெளியேறுவோம் என்று மக்கள் வாக்களித்தால் என்ன செய்வது என்பதற்கு அரசிடம் திட்டம் இல்லை. 51.9 விழுக்காட்டினர் அப்படியே வாக்களித்தார்கள்.

தேர்தல் நாள் குறிப்பதில்

இங்கே அனுபவசாலிகள் இருவரும் ஒரே பள்ளத்தில் விழுந்தார்கள். 1978 இலையுதிர்காலத்தில் தேர்தல் வரும் என்று சொந்தக் கட்சியே நம்பியது. செப்டம்பர் 7 அன்று தொலைக்காட்சியில் தோன்றிய காலகன் இல்லை என்றார். 5 விழுக்காடு ஊதிய உயர்வு வரம்பைத் தொழிற்சங்கங்கள் உடைத்தன. குளிர்காலம் முழுக்க வேலைநிறுத்தம். 1979 மார்ச் 28 அன்று நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் 311-310 என்று ஒரே வாக்கில் அரசு கவிழ்ந்தது. பிரவுன் 2007இல் தேர்தல் பேச்சைத் தானே வளரவிட்டு, அக்டோபர் 6 அன்று பின்வாங்கினார். கருத்துக்கணிப்பைப் பார்த்து எடுத்த முடிவல்ல என்று அவர் சொன்னதை நம்பியவர் குறைவு. அதன்பின் அவருடைய மதிப்பு மீளவில்லை. 2010இல் தொழிற்கட்சிக்கு 258 இடங்கள்தான்.

காரணம் சிக்கலானதல்ல. துறை அமைச்சராக எத்தனை ஆண்டு இருந்தாலும், நாள் குறிப்பது பிரதமர் மேசைக்கு மட்டுமே வரும் வேலை. அதற்கு ஒத்திகை கிடையாது. கேமரன் 2011இல், தேர்தல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்று நிர்ணயிக்கும் நிலையான காலச் சட்டம் கொண்டுவந்து அந்தத் தலைவலியையே தள்ளிவைத்தார். கூட்டணியைக் காக்கத்தான் அந்தச் சட்டம். 2015 வரை அவருக்கும் அது கவசமாக இருந்தது.

விட்டுச்சென்றது

காலகனுக்குப் பின் தொழிற்கட்சி 18 ஆண்டு வெளியே இருந்தது, பிரவுனுக்குப் பின் 14 ஆண்டு. பிளேர் மூன்று வெற்றி தந்தார். இராக் போர் குறித்த நாடாளுமன்ற வாக்கெடுப்பில் அவர் கட்சியின் 139 உறுப்பினர்கள் எதிர்த்து நின்றார்கள், அந்தப் பிளவு இன்னும் ஆறவில்லை. கேமரன் 2015இல் பெற்ற பெரும்பான்மையை ஒரே ஆண்டில் பொதுவாக்கெடுப்பு விழுங்கியது. நால்வரில் பிரதமர் வேலையைச் செய்த விதத்துக்காகக் காலகனைத்தான் முதலில் வைப்பேன். தேர்தலில் பிளேருக்கு நிகரில்லை.

ஒருவரின் பதவிப் பட்டியலைப் பார்க்கும்போது ஆண்டுக் கணக்கோடு, தோல்வியைச் சந்தித்த துறை எது, அவரிடம் ‘கூடாது’ என்று சொல்லக்கூடிய ஆள் பக்கத்தில் இருக்கிறாரா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். லிஸ் டிரஸ் பத்தாண்டு அமைச்சர், நிதித் துறையிலேயே இரண்டாம் இடத்தில் இருந்தவர். 2022இல் பிரதமரானதும் நிதித் துறையின் மூத்த செயலாளர் நீக்கப்பட்டார். அரசின் நிதிக் கணக்குகளைத் தனித்து மதிப்பிடும் வரவுசெலவுப் பொறுப்பு அலுவலகத்தின் மதிப்பீடு இல்லாமலே 4,500 கோடி பவுண்டு வரிக்குறைப்பு அறிவிக்கப்பட்டது. 49 நாளில் எல்லாம் முடிந்தது. கியர் ஸ்டார்மர் வேறு வகை. 2008 முதல் 2013 வரை அரசு வழக்குத் தொடுப்புத் துறையின் தலைவராக இருந்தாலும் அமைச்சராக இருந்ததில்லை. 2024 ஜூலையில் 411 இடங்களோடு வந்து, அதே மாதக் கடைசியிலேயே பெரும்பாலான ஓய்வூதியர்களின் குளிர்கால எரிபொருள் உதவியை அவர் அரசு நிறுத்தியது. 2025 ஜூனில், ஆண்டு வருமானம் 35,000 பவுண்டு வரை உள்ளவர்களுக்கு அதைத் திருப்பிக் கொடுத்தது.