இலவச வரித் தாக்கல் மென்பொருள்: ஏழு ஆண்டுப் பயன்பாட்டில் கண்டவை

மாதச் சம்பளக்காரனான நான் 2019 முதல் என் வருமான வரிக் கணக்கை நானே இணையத்தில் தாக்கல் செய்து வருகிறேன். தொடக்கத்தில் ஒரு தனியார் நிறுவனத்தின் இலவச மென்பொருளையே நம்பியிருந்தேன். நிறுவனம் தரும் சம்பள, வரிப் பிடித்தச் சான்றான படிவம் 16-ஐப் பதிவேற்றினால் சம்பளம், டி.டி.எஸ். எனப்படும் வரிப் பிடித்தம், வரிக் கழிவு தரும் 80சி முதலீடுகள் எல்லாவற்றையும் அதுவே நிரப்பிவிடும். ஒரே நிறுவனத்தின் சம்பளமும் வங்கி வட்டியும் மட்டும் உள்ளவர்களுக்கு இன்றும் அது போதுமானதே.

எனக்கு அது போதாமல் போனது 2020இல். அந்த மார்ச் மாதம் பங்குச் சந்தை சரிந்தபோது, வாங்கி ஓராண்டுகூட ஆகாத பங்குகளைப் பதறி விற்று 38,000 ரூபாய் நட்டமடைந்தேன். குறுகிய கால மூலதன நட்டத்தை அடுத்த எட்டு ஆண்டுகள் வரை கொண்டுசென்று, பின்னர் வரும் மூலதன ஆதாயத்தில் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அதற்கு, நட்டத்தைக் காட்டும் ஐ.டி.ஆர்-2 என்ற வரிக் கணக்குப் படிவத்தைக் கெடுவுக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். இலவசப் பதிப்பில் இருந்ததோ சம்பளம், வட்டி போன்ற எளிய வருமானத்துக்கான ஐ.டி.ஆர்-1 மட்டும். பங்கு ஏதேனும் விற்றீர்களா என்று அது ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறு ஆண்டு ஜூலையில் விதி எனக்குத் தெரிந்தபோது, கணக்கைத் திருத்தும் காலமும் முடிந்திருந்தது. கட்டணம் வசூலிப்பது அவர்கள் உரிமை. எந்த வருமானத்துக்கு இந்தப் பதிப்பு உதவாது என்பதை முதல் பக்கத்திலேயே சொல்லாததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

2022-23 நிதியாண்டில் வேலை மாறியதால் இரண்டு படிவம் 16 வந்தன. இரண்டாவதைச் சேர்க்கக் கட்டணம் உண்டு என்பதை, எல்லா விவரங்களையும் நிரப்பி முடித்த பிறகு, ஜூலை 31க்கு இரண்டு நாள் முன்னதாக அந்த மென்பொருள் தெரிவித்தது. அன்றுதான் வருமான வரித் துறையின் சொந்தத் தளத்துக்கு மாறினேன். இரு நிறுவனங்களும் தனித்தனியே அடிப்படை விலக்கும் (வரியில்லாத தொடக்கத் தொகை), சம்பளக்காரர் எல்லோருக்கும் உள்ள 50,000 ரூபாய் நிலைக்கழிவும் கொடுத்திருந்ததால் பிடித்தம் குறைந்து, மீதி வரியை, அதை முன்கூட்டியே கட்டாததற்கான 234பி, 234சி பிரிவு வட்டியுடன் கட்ட நேர்ந்தது.

துறைத் தளத்தில் ஐ.டி.ஆர்-1 முதல் 4 வரை எதற்கும் கட்டணம் இல்லை. ஆனால் அது கைப்பிடித்து அழைத்துச் செல்லாது. பங்குத் தரகர் தரும் ஆதாய அறிக்கையை அப்படியே ஏற்றிவிட முடியாமல் தொகைகளை நானே உள்ளிட்டேன். 2024 ஜூலை 23 முதல் பங்குகளின் குறுகிய கால ஆதாய வரி 15 விழுக்காட்டிலிருந்து 20 ஆகவும், நீண்ட கால வரி 10இலிருந்து 12.5 ஆகவும் உயர்ந்ததால், அந்த ஆண்டுக் கணக்கில் விற்பனைகளை அத்தேதிக்கு முன், பின் என்று பிரித்துக் காட்ட ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை செலவானது.

இப்போது எந்த மென்பொருளையும் திறப்பதற்கு முன் நம் வருமானம் பற்றித் துறையிடம் உள்ள விவரங்களைக் காட்டும் ஆண்டுத் தகவல் அறிக்கையையும், வரிப் பிடித்தங்களைக் காட்டும் 26ஏ.எஸ். படிவத்தையும் பதிவிறக்கி, எந்தப் படிவம் பொருந்தும் என்பதை நானே முடிவு செய்கிறேன். 2025-26 மதிப்பீட்டு ஆண்டு (அதாவது 2024-25 நிதியாண்டின் வருமானக் கணக்கு) முதல் 1.25 லட்சம் ரூபாய் வரையிலான நீண்ட காலப் பங்கு ஆதாயத்தை ஐ.டி.ஆர்-1இலேயே காட்டலாம் என்றாலும், குறுகிய கால ஆதாயமோ கொண்டுசெல்ல வேண்டிய நட்டமோ இருந்தால் ஐ.டி.ஆர்-2தான் வேண்டும். இலவசப் பதிப்பு இதைப் பற்றி உங்களிடம் கேட்கவில்லையென்றால், அங்கேயே நிறுத்திவிட்டுத் துறைத் தளத்துக்குச் செல்லுங்கள்.