சிப் மாற்றியதாகச் சொல்லிச் சூடேற்றிக் கொடுத்தார்கள்: பழைய மடிக்கணினி வைத்திருப்போர் கவனத்துக்கு

திருச்சியில் மடிக்கணினி பழுதுபார்க்கும் ஒரு கடையில், என் கணினியின் கிராபிக்ஸ் சிப்பைக் கழற்றிவிட்டுப் புதிய சிப் பொருத்தியதாகச் சொல்லி என்னிடம் 6,500 ரூபாய் வாங்கினார்கள். உண்மையில் சிப் மாற்றப்படவே இல்லை. பழைய சிப்பையே சூடேற்றித் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் என் மனு நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் இந்த ஏமாற்று எப்படி நடக்கிறது, எந்தத் தடயங்களைக் கொண்டு அதைக் கண்டுபிடிக்கலாம் என்பது பழைய மடிக்கணினியை நம்பித் தொழில் செய்யும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் கட்டட வரைபடங்கள் வரைந்து கொடுக்கும் தொழிலில் இருக்கிறேன். 2013-இல் வாங்கிய என் மடிக்கணினியில் இரண்டு வகை கிராபிக்ஸ் உண்டு. ஒன்று இன்டெல் செயலிக்குள்ளேயே அமைந்தது. மற்றொன்று கனமான வேலைகளுக்காக 2 ஜிபி நினைவகத்துடன் மதர்போர்டில் தனியாகச் சால்டர் செய்யப்பட்ட சிப். மேசைக் கணினியில் இருப்பதுபோல் செருகிக் கழற்றக்கூடிய கார்டு அன்று அது. பெரும்பாலான மடிக்கணினிகளில் 'கிராபிக்ஸ் கார்டு' என்று நாம் சொல்வது இப்படி மதர்போர்டோடு ஒட்டிய சிப்பைத்தான். கடைக்காரர் 'கார்டு மாற்ற வேண்டும்' என்று எளிதாகச் சொல்லும்போது, அது எவ்வளவு நுட்பமான வேலை என்பது வாடிக்கையாளருக்குப் புரியாமல் போவதற்கு இந்தப் பெயரும் ஒரு காரணம்.

பழுது படிப்படியாகத்தான் வந்தது. ஆட்டோகேடில் முப்பரிமாணத் தோற்றத்தைச் சுழற்றும்போது மட்டும் அங்கங்கே வண்ணக் கட்டங்கள் தெறித்தன. பிறகு திரை ஒரு கணம் கறுத்து, டிஸ்ப்ளே டிரைவர் (கிராபிக்ஸ் சிப்பை இயக்கும் மென்பொருள்) செயலிழந்து மீண்டுவிட்டது என்ற அறிவிப்பு வரத் தொடங்கியது. அதன்பின், கணினியின் பாகங்களை விண்டோஸ் பட்டியலிட்டுக் காட்டும் டிவைஸ் மேனேஜரில் அந்தச் சிப்புக்கு நேரே மஞ்சள் முக்கோணமும், பழுதால் அது நிறுத்தப்பட்டது என்பதைக் குறிக்கும் 'குறியீடு 43' என்ற செய்தியும் தோன்றின. கடைசியில் விண்டோஸ் சாதாரணமாகத் திறக்கவே மறுத்தது. அடிப்படை டிரைவர்களை மட்டும் ஏற்றித் திறக்கும் சேஃப் மோடில் மட்டும் எந்தக் குறையும் இல்லாமல் திறந்தது. சேஃப் மோடில் அந்தச் சிப்பின் டிரைவர் ஏற்றப்படுவதில்லை என்பதால், பழுது எங்கே இருக்கிறது என்பதற்கு அதுவே ஒரு வலுவான அறிகுறி. திரையின் பேனலோ அதன் கேபிளோ கெட்டிருக்குமோ என்ற ஐயத்தைத் தீர்க்க இன்னொரு சோதனையும் செய்திருந்தேன். கட்டங்கள் தெரியும்போது ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்தப் படத்தை வேறொரு கருவியில் திறந்து பார்த்தேன்; கட்டங்கள் படத்திலும் இருந்தன. பேனலோ கேபிளோ காரணமாக இருந்தால் ஸ்கிரீன்ஷாட் சுத்தமாக இருந்திருக்கும். எனவே 'சிப் போயிடுச்சு சார்' என்று கடைக்காரர் சொன்னபோது அவர் சொன்னது சரிதான். பொய் அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

பழைய சிப்பையே கழற்றி, அடியிலுள்ள சால்டர் குண்டுகளை மட்டும் புதிதாக வைத்துப் பொருத்தும் 'ரீபால்' வேலை செய்யப் போகிறீர்களா, அல்லது புதிய சிப் போடப் போகிறீர்களா என்று நான் தெளிவாகவே கேட்டேன். 'ரீபால் எல்லாம் நிக்காது சார், நாங்க புதுசுதான் போடுவோம், மூணு மாசம் வாரண்டி' என்றார். இந்தச் சிப் இல்லாமல் இன்டெல் கிராபிக்ஸை மட்டும் வைத்து ஓட்ட முடியுமா என்றும் கேட்டேன். முடியவே முடியாது, டிஸ்ப்ளே வராது என்றார். அதுவும் பொய் என்பது பின்னால் தெரிந்தது. கழற்றிய சிப்பைத் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லியிருந்தேன். கணினியை வாங்கப் போன அன்று, அது ஸ்கிராப்பில் போய்விட்டது என்றார்கள். ஜிஎஸ்டி எண் இல்லாத ஒரு துண்டுச் சீட்டில் 'கிராபிக்ஸ் சிப் மாற்றம்' என்று கையால் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார்கள். இன்று என் மனுவுக்கு முதுகெலும்பாக இருப்பது அந்தச் சீட்டுதான்.

ஒரு மாதம் நிறைவதற்குள் அதே கட்டங்கள் மீண்டும் வந்தன. வாரண்டியை நம்பிக் கடைக்குப் போனபோது, பேச்சே மாறிவிட்டது. புதிய சிப் நன்றாக இருக்கிறதாம், இப்போது மதர்போர்டு கெட்டுவிட்டதாம், வாரண்டி சிப்புக்கு மட்டும்தானாம், போர்டு மாற்ற 14,000 ரூபாய் ஆகுமாம். பன்னிரண்டு ஆண்டு பழகிய கணினியைப் பழைய பொருளாக விற்றால் அந்தத் தொகையில் பாதி கூடக் கிடைக்காது. நான் பணம் கொடுக்க மறுத்துக் கணினியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சென்னைக்குப் போக நேர்ந்தபோது, அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில், சிப் லெவல் வேலை, அதாவது போர்டிலுள்ள சிப்புகளையே பழுதுபார்க்கும் வேலை மட்டுமே செய்யும் ஒரு மெக்கானிக்கிடம் நண்பர் அழைத்துப் போனார். அவர் என் கண் முன்னாலேயே கணினியைத் திறந்தார். மின்விசிறியை ஒட்டிய செப்புத் தகடுகளுக்கிடையே தூசி கம்பளித் துணிபோலப் படிந்து அடைத்திருந்தது. சிப்பை மாற்ற வேண்டுமென்றால் அந்தக் குளிர்விப்புப் பகுதியைக் கழற்றியே ஆக வேண்டும்; கழற்றியவர்கள் அந்தத் தூசியைக்கூடத் துடைக்கவில்லை. இதிலேயே அவர்களின் அக்கறை எனக்குப் புரிந்துவிட்டது.

சிப்பை மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்தவர், 'அண்ணே, இதை யாரும் தூக்கவே இல்ல. நாலு மூலையிலயும் கம்பெனி பசை அப்படியே இருக்கு பாருங்க' என்றார். தொழிற்சாலையில் பெரிய சிப்புகளின் மூலைகளில், அசையாமல் இருப்பதற்காகச் சிவப்பு நிறத்திலோ கறுப்பு நிறத்திலோ பசை வைப்பது உண்டு. சிப்பைக் கழற்றுவதானால் அந்தப் பசையைச் சுரண்டி எடுக்காமல் முடியாது. என் போர்டில் அது உடையாமல், போர்டின் மேற்பரப்போடு ஒரே வழவழப்பாக இருந்தது. சிப்பின் ஓரங்களில் சால்டர் வேலையின் போது தடவும் ஃபிளக்ஸ் என்ற பொருள் பழுப்பாகக் காய்ந்து வழிந்து நின்றது. பக்கத்தில் இருந்த ஒரு பிளாஸ்டிக் கனெக்டரின் விளிம்பு வெப்பத்தில் நெளிந்திருந்தது. சிப்பின் மேல் அச்சிட்ட எண்களில் ஆண்டையும் வாரத்தையும் குறிக்கும் நான்கு இலக்கங்கள் 1308. அதாவது 2013-ஆம் ஆண்டின் 8-ஆம் வாரம். அதைச் சுற்றியிருந்த மற்ற சிப்புகளின் எண்களும் அதை அடுத்தடுத்த வாரங்களாகவே இருந்தன. பழைய இருப்பிலிருந்து எடுத்த சிப்புக்கும் அப்படியொரு எண் இருக்கக்கூடும் என்று கடைக்காரர் வாதாடலாம். ஆனால் மூலைப் பசைக்கு அவரிடம் பதில் இருக்க முடியாது. அத்தனையையும் படமெடுத்து வைத்துக்கொண்டேன்.

சூடேற்றினால் கெட்ட சிப் ஏன் கொஞ்ச நாள் ஓடுகிறது என்பதையும் அறிந்துகொள்வது நல்லது, ஏனெனில் இந்த ஏமாற்று முழுவதும் அந்தக் கொஞ்ச நாளை வைத்துத்தான் நடக்கிறது. கிராபிக்ஸ் சிப்பில் இரண்டு அடுக்கு இணைப்புகள் உள்ளன. நடுவில் பளபளப்பாகத் தெரியும் சிலிக்கான் துண்டு, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிய சால்டர் புள்ளிகளால் கீழேயுள்ள பச்சை அட்டையோடு இணைந்திருக்கிறது. அந்த அட்டை, அவற்றைவிடப் பெரிய சால்டர் குண்டுகளால் மதர்போர்டோடு இணைந்திருக்கிறது. கணினி சூடாகும்போதும் குளிரும்போதும் சிலிக்கான் ஓர் அளவிலும் அட்டை வேறோர் அளவிலும் விரிந்து சுருங்குகின்றன. ஆண்டுக்கணக்கில் இது நடக்கும்போது மேலடுக்கின் சிறு புள்ளிகளில் விரிசல் விழுகிறது. வெப்பக் காற்றை அடித்தால் விரிசல் கண்ட புள்ளிகள் மறுபடி தொட்டுக்கொண்டு சில நாளோ சில வாரமோ வேலை செய்யும்; அடுத்த சூடு, குளிர்ச்சிகளில் மீண்டும் விட்டுப்போகும். ரீபால் என்பது கீழடுக்கின் பெரிய குண்டுகளை மட்டும் புதிதாக வைக்கும் வேலை. மேலடுக்கில் விழுந்த விரிசலை அது தொடுவதே இல்லை. ரீபால் செய்தபின் ஓடினால்கூட, அந்த வேலையின் போது ஏறிய சூடே அதற்குக் காரணமாக இருக்கலாம். ஈயம் இல்லாத சால்டர் உருக ஏறத்தாழ 217 டிகிரி செல்சியஸ் வேண்டும். அந்த அளவு வெப்பத்தை முறையான இயந்திரம் இல்லாமல் கையில் பிடிக்கும் வெப்பக்காற்றுக் கருவியால் அடித்தால் போர்டு வளைவதும் அக்கம்பக்கத்துப் பாகங்கள் கருகுவதும் நடக்கும். என் கனெக்டர் நெளிந்தது அப்படித்தான்.

பெரிய நிறுவனங்களே இந்தப் பழுதை ஒப்புக்கொண்டு பணம் இறைத்த வரலாறு உண்டு. 2008 ஜூலையில் என்விடியா, தன் முந்தைய தலைமுறை மடிக்கணினிச் சிப்புகள் சிலவற்றில் சிலிக்கானையும் அட்டையையும் இணைக்கும் பொருள்கள் வலுவற்றவை என்று அறிவித்து, பழுதுச் செலவுகளுக்காக 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. 2011-இல் வெளிவந்த 15, 17 அங்குல மேக்புக் புரோ கணினிகளில் ஏஎம்டி கிராபிக்ஸ் பழுதானபோது, ஆப்பிள் 2015 பிப்ரவரியில் இலவசப் பழுதுநீக்கத் திட்டத்தை அறிவித்து 2016 இறுதி வரை நடத்தியது. அந்தத் திட்டத்தில் சிப்பைச் சூடேற்றித் திருப்பிக் கொடுக்கவில்லை. முழு போர்டையே மாற்றினார்கள். சூடேற்றுவது தீர்வாக இருந்திருந்தால் அவ்வளவு செலவை யாரும் ஏற்றிருக்க மாட்டார்கள்.

சூடேற்றுவதையே குற்றம் என்று நான் சொல்லவில்லை. 'இது தற்காலிகம், எத்தனை நாள் நிற்கும் என்று சொல்ல முடியாது' என்று வெளிப்படையாகச் சொல்லி, சில நூறு ரூபாய் மட்டும் வாங்கினால் அது நேர்மையான வேலைதான். செய்யாத மாற்றத்துக்குக் காசு வாங்குவதும், அது தோற்ற பிறகு போர்டின் மேல் பழி போட்டு இரண்டாம் முறை பிடுங்கப் பார்ப்பதும்தான் மோசடி. வாடிக்கையாளர் எதிரில் கணினி திறந்து திரை ஒளிர்ந்துவிட்டால் அவர் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார் என்பதை இவர்கள் நன்றாக அறிந்திருக்கிறார்கள்.

சிப் லெவல் வேலைக்குக் கணினியைக் கொடுப்பவர்கள், கொடுப்பதற்கு முன்பே போர்டைத் திறக்கச் சொல்லி, சிப்பின் மேலுள்ள எண்களும் நான்கு மூலைகளும் தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். நேர்மையான மெக்கானிக் இதற்குத் தயங்க மாட்டார். தயங்கினால் வேறு கடை பாருங்கள். எந்த எண்ணுள்ள சிப் போடப்போகிறார், அது புதியதா, பழைய போர்டிலிருந்து கழற்றிச் சுத்தம் செய்ததா என்பதைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். இரண்டாவது வகையும் சந்தையில் புழங்குகிறது. கழற்றிய சிப்பைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். ரேம், ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றின் மேலுள்ள எண்களையும் அதே சமயத்தில் குறித்துக்கொள்வது நல்லது. உங்கள் கோப்புகளை எடுப்பதற்காக மட்டும் சிப்பைச் சரிசெய்ய வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கோப்புகள் டிஸ்க்கில் இருக்கின்றன. டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்தால் போதும்.

என் கணினியின் கதை எளிதாகவே முடிந்தது. ரிச்சி தெரு மெக்கானிக் தூசியை எடுத்து, சிப்பின் சூட்டைக் குளிர்விப்புப் பகுதிக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாக வைத்து, சேஃப் மோடில் அந்தச் சிப்பை டிவைஸ் மேனேஜரில் முடக்கிவிட்டார். விண்டோஸ் இன்டெல் கிராபிக்ஸோடு சாதாரணமாகத் திறந்தது. வாங்கிய கூலி 600 ரூபாய். முப்பரிமாண வேலை இனி அதில் ஆகாது. தள வரைபடங்களும் கணக்குகளும் தடையின்றி நடக்கின்றன. எல்லாக் கணினியிலும் இந்த வழி கைகொடுக்காது. செயலிக்குள் கிராபிக்ஸ் இல்லாதவற்றிலும், திரை நேரடியாகத் தனிச் சிப்போடு இணைக்கப்பட்டவற்றிலும் இப்படி முடக்கினால் பயன் இல்லை. ஆனால் இரண்டு கிராபிக்ஸ் உள்ள கணினியைக் கொண்டுவருபவரிடம் இந்த வாய்ப்பை முதலில் சொல்லாமல் ஆயிரக்கணக்கில் கேட்கும் கடையை நான் இனி நம்ப மாட்டேன்.

கடைக்காரரிடம் படங்களைக் காட்டிப் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, அவை வேறு போர்டின் படங்கள் என்றார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்தேன். கடையிலிருந்து பதில் வரவில்லை. அதன்பிறகு, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆணையத்தில் மனுக் கொடுத்தேன். சேவைக்காகக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும்; நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். துண்டுச் சீட்டு, மைக்ரோஸ்கோப் படங்கள், இரண்டாவது மெக்கானிக் கையொப்பமிட்டுக் கொடுத்த குறிப்பு, போர்டின் வரிசை எண் தெரியும் படம் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். திருச்சியில் இதேபோல் 'கிராபிக்ஸ் சிப் மாற்றம்' என்று எழுதிய சீட்டு யாரிடமாவது இருந்து, கணினி மீண்டும் பழுதாகியிருந்தால், அதே கடையிடம் திருப்பிக் கொடுப்பதற்கு முன் வேறொருவரிடம் திறந்து காட்டிச் சிப்பின் மூலைகளைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் அவர்கள் கைக்குப் போய்ப் பசையைச் சுரண்டிவிட்டால் அந்தச் சாட்சி இல்லாமல் போய்விடும்.